ஒத்தைப் புள்ளி

என் கால் குணமாகிவிடுமோ என்று மூன்று வாரம் நான் பயந்து செத்தேன். இதைக் கேட்டால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். ஆறு வருஷம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அதிலேயே ஓடி, அதிலேயே குப்புற விழுந்து, உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து செருப்புத் தோலாகிப் போய், கடைசியில் ஜெர்மனிக்குப் போகிற அணியின் வாசல்வரை வந்து நின்றவனுக்குத்தான் அந்தப் பயம் என்னவென்று தெரியும்.

என் பெயர் தேவானந்தம். குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தேன். அறுபத்தாறில் ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளில் தாம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி பின்னாலிருந்து தட்டிவிட்டுப் போனது. அதோடு தொப்புளுக்குக் கீழே இருப்பதெல்லாம் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் நல்லவர்கள். ஆபீஸில் ஒரு மேஜை போட்டு வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது குரல் ஒன்றுதான். ஆபீஸ் ஜன்னலிலிருந்து நான் ‘அட்டென்ஷன்’ என்று ஒரு குரல் கொடுத்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் பையன்கள் விறைத்து நிற்பார்கள். கத்துவது எனக்குத் தொழில். வீட்டிலும் அந்தத் தொழிலை விடவில்லை என்று என் மனைவி ஞானஜோதி சொல்வாள். அவள் தாம்பரத்திலேயே ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மெதுவாகப் பேசுகிறவள்.

அறுபத்தேழு கடைசியில் தனசிங் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, அறுபத்தைந்து சண்டையில் இடுப்பில் குண்டு வாங்கியவர். சேலையூர்ப் பக்கம் குடியிருந்தார். காலில் நடந்த காலத்தில் நான் பாஸ்கெட்பால் ஆடியவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிற பாஸ்கெட்பாலுக்கு ஆள் சேர்ப்பதாகச் சொன்னார். போய்யா, வேறு வேலை இல்லையா என்று விரட்டினேன். மறுநாளும் வந்தார். ஒரு மிஷன் பள்ளியின் சிமெண்ட் தரையில், ஆஸ்பத்திரி இரும்பு நாற்காலியில் மார்போடு பெல்ட் போட்டு என்னைக் கட்டி, மடியில் பந்தை வைத்தார்கள். நான் எறிந்த முதல் பந்து வளையத்தின் பாதி உயரத்துக்குக்கூடப் போகவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவே இல்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் என் பயம் யாருக்கும் விளங்காது. ஆடுகிறவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு டாக்டர் மேஜையில் படுக்க வைத்து, உடம்பில் எது எது வேலை செய்கிறது என்று பார்த்துப் புள்ளி கொடுப்பார். ரொம்ப மோசம் என்றால் ஒரு புள்ளி. கொஞ்சம் தேவலை என்றால் இரண்டு. இடுப்புவரை திடமாக இருந்தால் மூன்று. களத்தில் இறங்குகிற ஐந்து பேர் புள்ளியையும் கூட்டினால் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. தனசிங் மூன்று. லோகநாதன் மூன்று, அவர் ராஜகீழ்ப்பாக்கத்து ஆள், சின்ன வயதில் வந்த போலியோ, தோள் மட்டும் எருமைக்கு இருப்பது போல இருக்கும். இன்னும் இரண்டு பேர் ஒரு மூன்றும் ஒரு இரண்டும். ஆக பதினொன்று. ஐந்தாவது ஆள் ஒற்றைப் புள்ளியாக இருந்தே தீர வேண்டும். அந்த ஐந்தாவது ஆள் நான்.

அதனால் அணியில் எனக்கு ‘ஒத்தை’ என்றே பெயர். ஒற்றைப் புள்ளிக்காரன் ஒப்புக்குச் சப்பாணி, பந்து போடமாட்டான் என்று எதிரணிக்காரர்கள் நினைப்பார்கள். காவலுக்கு ஆள் விடமாட்டார்கள். நான் வலது ஓரமாகப் போய் நின்றுகொண்டு, “பால்!” என்று ஒரு சத்தம் போடுவேன். தனசிங் பார்க்காமலே எறிவார். பூனாவில் ஒரே ஆட்டத்தில் பதினெட்டுப் பாயிண்ட் போட்டேன். அங்கே ஒரு கர்னல் வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பு எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பு என்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். எனக்கு அந்த இடம் கிடைத்திருந்தது.

எழுபத்திரண்டு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஜெர்மனியில் நடக்கிற உலகப் போட்டிக்குப் போகும் அணிக்கு எங்களில் ஐந்து பேரையும், மாற்றாக ஒருவரையும் பார்க்கிறார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் டாக்டர் புதிதாகப் பரிசோதித்து எல்லோருக்கும் மறுபடி புள்ளி போடுவார். மாற்று ஆள் தயாளன். பல்லாவரத்தில் தோல் வேலை பார்த்தபோது சுவர் இடிந்து விழுந்து முதுகு போனவன். அவனும் ஒற்றைப் புள்ளி. என் புள்ளி மாறினால் என் நாற்காலி அவனுக்கு. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் என் பந்துகளை அவன்தான் பொறுக்கி எறிவான், அண்ணே அண்ணே என்று.

கடிதம் வந்த அதே சனிக்கிழமை மத்தியானம், ஜோதி தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் ஏக குஷியில் இருந்தேன். வேலை செய்யாத காலுக்கு நகம் மட்டும் என்ன ஜோராக வளர்கிறது பார் என்றேன். பிறகு விளையாட்டாக, மைதானத்துக் குரலில், “பெருவிரல், அட்டென்ஷன்!” என்றேன்.

வலது பெருவிரல் எழுந்து நின்றது.

எங்களைப் போன்றவர்களுக்குக் கால் தானாக உதறுவது புதிதில்லை. போர்வையை இழுத்தால் உதறும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் உதறும். அதை நாங்கள் யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் இது சொல்லி அசைந்தது. ஜோதி கத்தரியைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அசைந்தது. நாலைந்து தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சும்மா இருந்தது. அவள் அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறு வருஷமாக அவள் வாரத்துக்கு ஒரு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்து கேட்டது அது.

எனக்கு முதலில் மனதில் வந்தது பதின்மூன்று. நான் இரண்டு புள்ளியானால் அணி பதின்மூன்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. பயத்தில் வயிற்றைக் கலக்கியது என்பார்கள். எனக்கு மேல்வயிறு மட்டும்தான் தெரியும். கலக்குவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்லப் போவதாகச் சொன்னாள். எங்கள் சபையில் பெண்கள் நடத்துகிற கூட்டம் அது. கர்த்தர் ஒரு நன்மை செய்தால் அதை எழுந்து நின்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். செய்ததை மூடி வைப்பது பாவம் என்று நினைக்கிறவள் ஜோதி. அந்தக் கூட்டத்துக்கு தனசிங்கின் மனைவியும் வருவாள். அங்கே சொல்வதும் ஒன்றுதான், தாம்பரம் ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். பரிசோதனை முடியட்டும், அதற்கு மறுநாள் சனிக்கிழமை சொல்லிக்கொள், அதுவரை மூச்சு விடாதே என்று கெஞ்சினேன். நான் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

“ஆண்டவர் குடுத்ததை ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

மூன்று வாரம், மூன்றே வாரம் என்றேன். ஒளித்து வைத்தால் திரும்ப எடுத்துக்கொள்வாரே என்று அவள் பயந்தாள். விட்டு வைத்தால் இன்னும் ஒரு விரல் அசையுமே என்று நான் பயந்தேன். ஒரே வீட்டில் ஒரே விரலுக்கு இரண்டு பயம். கடைசியில் சரி என்று தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்த மூன்று வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. பயிற்சிக்குப் போனால் கண் வளையத்தைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்தது. ஒரு நாள் வழக்கம் போல “பால்!” என்று கத்திவிட்டுக் குனிந்தால் ஷூவின் முனை லேசாகத் தூக்கியது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கையில் வந்த பந்து நழுவி எங்கேயோ போனது. மறுநாள் இரண்டு சோடி காலுறை மாட்டிக்கொண்டு போனேன். கத்துவதையும் நிறுத்தினேன். நான் கத்தாததால் தனசிங்குக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. பந்து வரவில்லை. தொண்டை கட்டிவிட்டதா, சுக்குக் கஷாயம் போட்டுத் தரச் சொல்லவா என்று அவர் விசாரித்தார். தயாளன் தினமும் பந்தைப் பொறுக்கிப் பொறுக்கி என் மடியில் வைத்தான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. முறையாகப் பார்த்தால் அது அவன் இடம்.

பரிசோதனைக்கு நாலு நாள் இருந்தபோது கட்டுத்துணி எடுத்து அந்தப் பெருவிரலைப் பக்கத்து விரலோடு இறுக்கிக் கட்டினேன். கட்டிவிட்டு மேலே காலுறையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் கால் கழுவ ஜோதி காலுறையைக் கழற்றினாள். விரல் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. எனக்கு வலி தெரியாது அல்லவா, தெரிந்திருந்தால் தளர்த்தியிருப்பேன். அவள் முடிச்சை நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்த்தாள். புண்ணாகியிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

“கட்டியா போட்டீங்க?” என்றாள். அவ்வளவுதான்.

நான் அதற்கும் கத்தினேன். நாலு வருஷ உழைப்பு, என் பொழைப்பு, உனக்கென்ன தெரியும் என்று கன்னாபின்னாவென்று கத்தினேன். அவள் வெந்நீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பல்லாவரத்தில் சந்தை நாள். டாக்ஸி மாட்டுக்கும் மூட்டைக்கும் நடுவில் நகர்ந்து நகர்ந்து போய்ச் சேர்ந்தது. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய ஹால். வெளியே வேப்பமரத்து நிழலில் எல்லோரும் நாற்காலிகளோடு வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். தனசிங் மூன்று. லோகநாதன் மூன்று. மற்ற இருவரும் பழைய புள்ளிதான். தயாளன் ஒன்று. கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரும் உள்ளே வரலாம் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

டாக்டர் பெங்களூர்க்காரர், வயதானவர். தமிழ் நன்றாகப் பேசினார். என்னை மேஜையில் தூக்கிப் போட்டார்கள். ஊசியால் குத்தி எதுவரை தெரிகிறது என்று பார்த்தார். முழங்காலில் தட்டினார். கால் விரலை அசைக்கச் சொன்னார். நான் பல்லைக் கடித்து, முகத்தைச் சுளித்து, முயற்சி செய்வதாக நடித்தேன். உள்ளே எங்கேயும் ஒரு இழுப்புக்கூடக் கொடுக்கவில்லை. விரல் அசையவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்துகொண்டே ஜோதியைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“வீட்டுல ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதாம்மா, சமீபத்துல?”

ஜோதி என்னைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அதைவிட, எனக்காகப் பொய் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். பொய்யே பேசாதவள், அந்த விரலைப் பற்றி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அதற்கப்புறம் வீட்டில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளை முந்திக்கொண்டு என் வாயே சொல்லிவிட்டது.

“அசையுது டாக்டர். சொன்னா அசையுது.”

போயிற்று. ஜெர்மனி போயிற்று. டாக்டர் பேனாவை மூடிவிட்டு, எங்கே, காட்டுங்கள் என்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு ஹால் அதிர “அட்டென்ஷன்!” என்றேன். பெருவிரல் ஜம்மென்று எழுந்து நின்றது. ஜோதி கையைக் கூப்பிக்கொண்டாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவளுக்கு அது போதும் என்று தோன்றியது. சரி, எனக்கும் போதும் என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

டாக்டர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. என் மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். இப்போது அதையே வாய்க்குள் சொல்லுங்கள், சத்தம் வரக் கூடாது என்றார். சொன்னேன். விரல் அசையவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொல்லச் சொன்னார். அசைந்தது. சத்தமில்லாமல். அசையவில்லை. கடைசியில், வேறு எதையாவது கத்துங்கள், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். அவசரத்துக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. “தாம்பரம்!” என்று கத்தினேன்.

தாம்பரத்துக்கும் அது எழுந்து நின்றது.

“இது உங்க சொல்லைக் கேக்கலை, மாஸ்டர்,” என்றார் டாக்டர். “நீங்க கத்தும்போது மேல்வயிறு இறுகுது. அந்தத் துடிப்பு கீழ போகுது. வெறும் இழுப்பு. கால்ல எதுவும் திரும்பி வரலை.”

ஆறு வருஷத்தில் நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். ஷூவுக்குள் அந்த விரல் எத்தனை தடவை எழுந்து நின்றதோ. நான்தான் குனிந்து பார்த்ததில்லை.

அவர் காகிதத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் சிரித்தேன். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, மேஜை ஆடச் சிரித்தேன். மூன்று வாரத்துப் பயம் மொத்தமும் அந்தச் சிரிப்பில் இறங்கியது. சிரித்து முடித்த பிறகுதான் ஜோதி பக்கம் திரும்பினேன். அவள் கூப்பிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் தனசிங் என் நாற்காலியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். லோகநாதன் என்னைப் பார்த்து, “இன்னா ஒத்தை, உள்ள தாம்பரம் தாம்பரம்னு கத்திகினு கெடந்தே, டாக்ஸிக்கு ஆள் கூப்டுறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தயாளன் என் கையைப் பிடித்து, போய்ட்டு ஜெயிச்சுகினு வாண்ணே என்றான். கையை விட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் ஜோதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஜெர்மனியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். விமானம், அங்கே குளிர், கம்பளிச் சட்டை தைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் லீவு கேட்க வேண்டும் என்று நிறுத்தாமல் பேசினேன். சானடோரியம் தாண்டுவதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. நல்ல செய்தி கையில் இருந்தும் பயம் மட்டும் போகவில்லை. இன்னும் எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிலில் மாற்றிவிட்டு, ஜோதி ஷூவையும் காலுறையையும் கழற்றினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மறுநாள் உபவாச ஜெபம். சாட்சி சொல்ல வேண்டும் என்று அவள் முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். என்ன சாட்சி என்றுதான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“குடுத்தார். நாம மறைச்சோம். கட்டிக்கூடப் போட்டோம். அதான் எடுத்துக்கிட்டார்.”

அப்படி இல்லை என்று நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். வயிறு, இழுப்பு, எல்லாம் விளக்கினேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, நம்ம மேலதான் தப்பு என்றாள். ஆறு வருஷம் கேட்டு வாங்கினதை மூணு வாரத்தில் தொலைத்துவிட்டோம் என்றாள். என் ஒரு புள்ளிக்கு விலையாக அந்தக் காலை நானே கொடுத்துவிட்டதாக அவள் நம்பினாள். ஆயுசு முழுக்க அப்படித்தான் நம்பப் போகிறாள் என்று தெரிந்தபோது எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

“இருந்தாத்தானே எடுக்கிறதுக்கு!” என்று கத்தினேன். “எதுவுமே இல்லடி அங்க. எப்பவுமே இல்ல!”

மைதானத்துக் குரல். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும்.

கட்டிலின் அந்தக் கோடியில் என் வலது பெருவிரல் எழுந்து விறைத்து நின்றது. ஜோதி அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மெல்லத் தணிந்தது. இனி இந்த வீட்டில் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.